பன்னிரண்டாவது கொக்கி

விதைப் பாக்கெட்டின் மேலிருக்கும் கத்தரிக்காயை யார் வரைந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பாக்கெட்டைக் கிழிப்பார்கள், விதையைக் கொட்டுவார்கள், கத்தரிக்காய் குப்பைக்குப் போகும். அதை வரைகிறவளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. காம்பிலிருக்கும் முள் உட்பட எண்ணி வரைந்தாயிற்று, பூதக்கண்ணாடி பார்த்து ஒப்புக்கொண்டாயிற்று, அத்தோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்பாள்.

பூதக்கண்ணாடி என்பது ஓர் ஆள். விதைக் கம்பெனியில் படங்களைச் சரிபார்க்கிற தாவரவியல்காரர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் லென்ஸ் வைத்திருப்பார். சேர்ந்த புதிதில் இவள் ஒரு பீன்ஸ் கொடியை, குச்சியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறுவதாக வரைந்துவிட்டாள். படம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், ‘இந்தச் செடி உலகத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அழுதாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணால் பார்க்காத ஒரு நரம்பைக்கூட ஓர் இலையில் வைத்ததில்லை.

தெருவில் அவளுக்கு விதைக்காரம்மா என்று பேர். வயது ஐம்பத்தொன்று. புருஷன் லிப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடியில் வீடு, அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதைப் பற்றி லிப்ட்காரரிடம் ஜோக் அடிக்காத ஆள் கட்டடத்தில் கிடையாது என்பதால் இப்போது யாரும் அடிப்பதில்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற மகள், அப்புறம் லிப்ட்காரரின் தங்கை. தங்கை ஒரு தையல் கூடத்தில் மேற்பார்வையாளர். நாற்பது மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான்.

கனவுக் கதைக்கு வருகிறேன். விதைக்காரம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் வெறும் கட்டை. அதில் எதுவும் முளைக்காது. மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை படுக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம். எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஜன்னலோர மேஜைக்குப் போய், காலையில் தக்காளி வரைந்த அதே பென்சிலை எடுத்துக் கனவை வரைவாள். காளான்கள் குடையை மடக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும். நத்தை தையல் மெஷினைச் சுமந்துகொண்டு போகும். ஒரு மேகத்துக்கு வாய் இருக்கும், வாய் நிறைய மக்காச்சோளப் பல் இருக்கும். முட்டைக்கோஸைப் பிரித்தால் உள்ளே நாத்தனார் போர்த்திக்கொண்டு தூங்குவாள். இந்தக் கடைசிப் படத்தில் வாய் திறந்திருக்கிறது என்பதால் நாத்தனாருக்கு அதில் இன்றைக்கும் வழக்கு உண்டு. தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதில்லை என்பது அவள் கட்சி. கனவில் திறந்திருந்தது, அதற்கு நான் என்ன செய்ய என்பது இவள் கட்சி.

எப்போதோ வீட்டுக்கு வந்த ஓர் ஓவிய ஆசிரியர் கட்டிலுக்கடியிலிருந்து இந்தப் படங்களையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, இதற்குச் சர்ரியலிசம் என்று பேர், கற்பனை பிரமாதம் என்று சொன்னார். விதைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. கற்பனை என்றால் இட்டுக்கட்டுவது. அவள் இட்டுக்கட்டவில்லையே. பாக்கெட்டில் தக்காளியைப் பார்த்து வரைகிற மாதிரி இதையும் பார்த்துத்தான் வரைந்தாள். நத்தையின் மெஷினில் ஊசி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால்கூடச் சொல்வாள். அவர் போன பிறகு, என்ன படித்து என்ன பிரயோஜனம் என்று இரண்டு நாள் புலம்பினாள்.

போன வருஷம் மழை ஆரம்பித்த வாரத்தில் கனவு வேறு மாதிரி ஆயிற்று. முதல் நாள் சமையலறைத் தொட்டியின் ஓட்டை வழியாக ஒரு பூசணி முளை வெளியே வந்தது. ஒரு பெண் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த முளையில் கால் வைத்து ஏறிப் போனாள். அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அதே பெண், அதே முதுகு, பூசணித் தண்டுக்குள்ளே. தண்டு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும் இல்லையா, அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் அவள் போகிறாள், இவள் பின்னாலேயே போகிறாள். அப்புறம் இலைமேல். அப்புறம் இலையின் சுணைக்கு, அந்த மெல்லிய முள்மயிருக்கு நடுவில், புதரை விலக்குகிற மாதிரி விலக்கிக்கொண்டு. விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தது. பதினோரு கனவு, பதினோரு படம். பதினொன்றிலும் அந்தப் பெண்ணின் முதுகுதான். அரைக்கை மழைக்கோட்டு, முழங்கால் வரை தொங்குகிற சடை.

வீடே அந்தப் பெண்ணோடு வாழ ஆரம்பித்தது. மகள் வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு அவள் எதுவரை போனாள் என்று போனில் சொல்லு என்பாள். நாத்தனார், அந்தப் பெண் யாராக இருந்தாலும் மத்தவங்க வீட்டுத் தொட்டி வழியாக இப்படி அனுமதி இல்லாமல் போகிறது சரியில்லை என்பாள். லிப்ட்காரர் மட்டும் ‘ம்’ என்பார். அவர் கனவே காணாதவர். படுத்தால் போவார், எழுந்தால் வருவார், நடுவில் ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக மனைவியின் கனவை ‘ம்’ போட்டுக் கேட்டதில் அவருக்கு ‘ம்’மிலேயே நாலைந்து வகை வந்துவிட்டிருந்தது.

இந்தப் பதினோரு படத்தையும் மகள் போனில் படமெடுத்து நூலகத்துக்கு அனுப்பினாள். அங்கே கீழ்த்தளத்தில் ஒரு ஹால் உண்டு. தனி ஓவியர் கண்காட்சி என்றால் எட்டு நாளைக்குக் கொடுப்பார்கள். நூலகர் அம்மாளுக்குப் படம் பிடித்துவிட்டது. ஒரே ஒரு விதி. சுவரில் பன்னிரண்டு விளக்கு, பன்னிரண்டு கொக்கி. திறக்கிற நாளில் பன்னிரண்டு கொக்கியிலும் படம் தொங்கவேண்டும், இல்லாவிட்டால் ஹால் அடுத்து வரிசையில் நிற்கிற அஞ்சல்தலை சேகரிப்போர் சங்கத்துக்குப் போய்விடும். சங்கத்தார் நான்கு மாதமாகக் காத்திருக்கிறார்கள், தினமும் ஒருவர் வந்து கொக்கியை எண்ணிவிட்டுப் போகிறார் என்று நூலகர் சொன்னார். விதைக்காரம்மா அன்றுவரை தன் படத்தைத் தானாக எடுத்து அன்னியர் யாருக்கும் காட்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் கத்தரிக்காயாகவே குப்பைக்குப் போனவளுக்கு ஒரு சுவர் முழுக்கக் கிடைக்கிறது. சரி என்று சொல்லிவிட்டாள். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ‘மேலே போகிறவள்: பன்னிரண்டு ஓவியங்கள்.’ சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு.

பன்னிரண்டாவது கனவு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. பற்றுக்கம்பி ஒன்று, அதாவது கொடி எதையாவது பிடித்துக்கொள்ள நீட்டுகிற அந்தச் சுருள், மாடிப்படி மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. உச்சியில் ஒரு பூசணிப் பூ, ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. ஐந்து இதழ், மஞ்சள், நடுவில் மகரந்தம் குன்றுபோல. அந்தப் பெண் பூவின் நடுவில் போய் நின்றுவிட்டாள். இனி ஏற இடமில்லை. இவளும் போய்ச் சேர்ந்தாள். அப்போது அந்தப் பெண் முதல் தடவையாகப் பேசினாள். ‘இதோ திரும்பறேன்’ என்றாள். சடை அசைந்தது. தோள் அசைந்தது. ஒரு காதின் ஓரம் தெரிந்தது.

“பயப்படாதீங்க! கதவத் தள்ளாதீங்க! நகராம நில்லுங்க, நான் வரேன்” என்று ஒரு குரல் இடி மாதிரி கேட்டது. விதைக்காரம்மா விழித்துக்கொண்டாள். எங்கோ ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் யாரோ இரண்டு பேர் லிப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்திருக்கிறார்கள். லிப்ட்காரர் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஸ்பானரும் வாயில் சட்டைப் பொத்தானுமாக வாசலில் நின்றார்.

மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போகிற மனுஷனைத் திட்ட முடியுமா? முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் திரும்பி வரும்வரை தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முகம் தெரியாமல் பன்னிரண்டாவது படம் கிடையாது. முதுகோடு நிறுத்திவிடேன் என்று மகள் சொன்னாள். அவள் திரும்ப ஆரம்பித்தாயிற்றே, அதை எப்படி மறைப்பது என்றாள் அம்மா. சரி, ஏதாவது ஒரு முகத்தைப் போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் நாத்தனார். அதற்கு அவள் பார்த்த பார்வையில் நாத்தனார் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆக ஒரே வழிதான் பாக்கி. சனிக்கிழமைக்குள் அந்தக் கனவு மறுபடி வரவேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டில் நடந்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமையை மறுபடி கட்டினார்கள். அன்றைக்கு அவள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள்? முள்ளங்கித் துண்டும் ரொட்டியும். தினமும் முள்ளங்கியும் ரொட்டியும் ஆயிற்று. மின்விசிறி மூன்றில் ஓடியது, மூன்றில் ஓடினால் ஒரு டிக் சத்தம் வரும். லிப்ட்காரர் பழக்கதோஷத்தில் அந்த டிக்கை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்தான் சரிசெய்திருந்தார், மறுபடி ஏறி அதைக் கெடுத்தார். இடது பக்கமாக ஒருக்களித்துச் சுவரில் முழங்கால் இடிக்கப் படுத்தாள். அதே பழைய நைட்டி, துவைக்காமல்.

பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் பிழிந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. நாத்தனார் போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு மணிக்கு மெஷின் போட முடியுமா என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண், நேற்றுத்தான் எல்லாம் துவைத்தோம், அழுக்கே இல்லையே என்றாள். நாத்தனார் திரும்பி வந்து தங்கள் வீட்டு அலமாரியிலிருந்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணியை இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். நான்கு நாளும் அந்தச் சுத்தமான துணிகள் பக்கத்து வீட்டில் சுற்றின. வாரக் கடைசியில் மகளின் ஒரு சட்டை பொம்மைக்குத்தான் ஆகும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கோபம் ஒன்று பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை படுப்பதற்குமுன் அவள் எதற்கோ கோபமாக இருந்தாள், எதற்கென்று நினைவில்லை. கோபம் வரவைக்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாக நாத்தனார் சொன்னாள். அதில் அவளுக்கிருந்த உற்சாகத்தைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற நாத்தனார் தினமும் ஒன்று இருபத்தைந்துக்குக் கட்டில் பக்கம் வந்து நின்று ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். திங்கட்கிழமை, மேகத்துக்கு வாய் வைத்த படம் பல் டாக்டர் கடை போர்டு மாதிரி இருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை, கட்டிலுக்கடியில் பெருக்க முடியாமல் இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து குனிந்துதான் தன் இடுப்பு போயிற்று என்றாள். புதன்கிழமை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், முள்ளங்கி வாடை தாங்கவில்லை என்றாள். அதற்குத்தான் விதைக்காரம்மாவுக்கு நிஜமாகக் கோபம் வந்தது.

கனவு வந்ததா? வந்தது. திங்கட்கிழமைக் கனவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தூக்கமே பிடிக்கவில்லை. புதன்கிழமை, தூக்கம் வராமல் கட்டிலில் புரண்டு புரண்டு படுப்பதாக ஒரு மணி நேரம் கனவு கண்டாள். எழுந்தபோது தூங்கினோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுவாளோ என்று எல்லாரும் பயந்தார்கள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதாகப் படவில்லை. பன்னிரண்டாவது கேன்வாஸில் பற்றுக்கம்பி, பூ, குன்று எல்லாம் முடிந்து காய்ந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளை.

வியாழக்கிழமை லிப்ட்காரர் லீவு போட்டார். இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் லீவு. போனை அணைத்து அலமாரியில் பூட்டினார். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக்கு வெளியே போட்டு, மூடின கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இன்றைக்கு யாரும் என்னைத் தாண்டிப் போகமுடியாது என்றார். உள்ளே விதைக்காரம்மா படுத்துக்கொண்டாள். மின்விசிறி டிக்கென்றது. பக்கத்தில் சுத்தமான துணி பிழிந்தது. அவள் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

இரண்டே காலுக்கு வெளியே தடாலென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. லிப்ட்காரர் ஸ்டூலோடு மல்லாந்து அறைக்குள் விழுந்து கிடந்தார், கால் வாசற்படிக்கு வெளியே, தலை உள்ளே. அடிபட்டதா என்று அவள் குனிந்தாள். அவர் முகத்தில் வலியைக் காணோம். வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, நான் பாத்துட்டேன். அவ திரும்பிட்டா” என்றார்.

தூங்கியிருக்கிறார். காவல் காக்க உட்கார்ந்த மனுஷன் கதவில் சாய்ந்து தூங்கி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கனவு கண்டிருக்கிறார். அதுவும் எதை? அவரால் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், குடிக்கவில்லை என்று நினைத்து மறுபடி போனார். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா, இவ்வளவு வெளிச்சமாகவா, நீங்கள் யாரும் இதைச் சொல்லவேயில்லையே என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள் அவள்.

அவர் கண்டது இது. பற்றுக்கம்பியில் ஏறி அந்தப் பூவுக்குப் போனார். அந்தப் பெண் இதோ திரும்பறேன் என்று சொல்லித் திரும்பினாள். முழுசாகத் திரும்பினாள்.

“திரும்பினா அந்தப் பக்கமும் முதுகு தான்” என்றார். “அங்கயும் சடை, அங்கயும் கோட்டு. முன்பக்கமே கெடையாது அவளுக்கு.”

விதைக்காரம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு படமாகப் பின்னாலேயே போனவளுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று கை தெரிந்துகொண்டுவிட்டது, பென்சிலுக்கு நீண்டது. உடனே அதை இழுத்துக்கொண்டாள். இந்த மனுஷன் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை தன்னால் கெட்டது என்று நான்கு நாளாக முள்ளங்கியையே வெட்டிக்கொண்டிருப்பவர். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. இவளுக்காக இட்டுக்கட்டிச் சொல்கிறாரோ? அப்படியிருந்தால் அது படமில்லை. இந்தச் செடி உலகத்தில் இல்லை.

ஆகவே அவள் பூதக்கண்ணாடி செய்வதைச் செய்தாள். அந்தத் தாவரவியல்காரர் ஒரு கேள்வியை ஒரு தடவையோடு விடமாட்டார். காலையில் ஒரு வரிசையில் கேட்பார், சாயந்திரம் தலைகீழாகக் கேட்பார். லிப்ட்காரரை ஸ்டூலில் உட்காரவைத்தாள். மகளும் வந்துவிட்டிருந்தாள், நாத்தனாரும் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டிருந்தாள்.

“படி எந்தப் பக்கமா சுத்துச்சு?”

“பாதி வரைக்கும் வலப்பக்கம். நடுவுல கொஞ்சம் நேரா. அப்புறம் இடப்பக்கம்.”

பற்றுக்கம்பி அப்படித்தான் சுற்றும். ஆனால் அது அவள் வாயால் வாரம் முழுக்கக் கேட்டது. கணக்கில் சேராது. “பூ ஆண் பூவா, பெண் பூவா?”

“அதெல்லாம் நான் எப்படிக் கேக்கறது?”

நாத்தனார் சிரித்தாள். மகள் அவளை அடக்கினாள். விதைக்காரம்மா அடுத்ததற்குப் போனாள். “ரெண்டு சடையும் ஒரே நீளமா?”

“இல்ல. அந்தப் பக்கத்துது கொஞ்சம் குட்டை. முடிச்சு வேற மாதிரி. பாரம் தூக்கற கயித்து முடிச்சு இருக்கில்ல, நாங்க கேபின் தூக்கறப்ப போடறது, அந்த மாதிரி.”

“கால்ல என்ன போட்டிருந்தா?”

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

“பாக்கல” என்றார் பாவமாக. “பூவுல ஒரு எடத்துல ‘எட்டுப் பேர் மட்டும்’னு போட்டிருந்துச்சு. எடை சரியா வருமான்னு அதயே பாத்துட்டு நின்னேன். அதுக்குள்ள கீழ விழுந்துட்டேன்.”

சாயந்திரம் ஆறு மணிக்குத் தலைகீழாகக் கேட்டாள். சடை குட்டை, அதே முடிச்சு, எட்டுப் பேர், கால் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று போய்க் கேட்டாள். நுரையோடு அதையே சொன்னார். பொய் சொல்கிறவன் காலுக்கு ஒரு செருப்பாவது போட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பத்தில் ஒன்பது பங்கு நம்பினாள். மிச்சம் ஒரு பங்கு நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க வரைந்தாள். லிப்ட்காரர் அந்த முடிச்சை வாயால் விளக்க முடியாமல் கயிறு வாங்கிவந்து மேஜைமேல் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்து வரைந்தாள். முன்பக்கமும் முதுகான அந்தப் பெண் மகரந்தத்தின்மேல் நின்றாள். கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் பார்க்காத இடத்தில் அவள் தூரிகையை வைக்கவில்லை. கேன்வாஸின் வெள்ளை அப்படியே விடப்பட்டது, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. பெயர்ச் சீட்டில் ‘கண்டவர்: கணவர். வரைந்தவர்: மனைவி’ என்று எழுதினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பன்னிரண்டாவது கொக்கியில் படம் ஏறியது, ஈரம் காயாமல். அஞ்சல்தலைச் சங்கத்திலிருந்து வந்தவர் வாசலிலிருந்தே எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினார். அப்புறம் உள்ளே வந்து படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் வந்தது. நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வந்தவர்கள், தையல் கூடத்துப் பெண்கள் ஒரு பட்டாளம், தங்கள் மெஷினும் இதில் பங்குதாரர் என்ற உரிமையோடு பக்கத்து வீட்டுப் பெண், பல் டாக்டர். பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்துக்கொண்டு முதல் படத்திலிருந்து சுணை சுணையாக வந்தார். எல்லாரும் கடைசியில் பன்னிரண்டாவதன்முன் வந்து தேங்கினார்கள். அங்கே இஸ்திரி சட்டையில் லிப்ட்காரர் நின்றார். கனவைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஐயோ என்றார்கள், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொன்னார். இருபத்தாறு வருஷ ‘ம்’முக்கும் சேர்த்துப் பேசினார்.

விதைக்காரம்மா ஹாலின் மறுகோடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது வந்து கையைப் பிடித்துப் பாராட்டினால் சரி சரி என்றாள். காது மட்டும் அந்தப் பக்கம். அந்த ஒரு பங்கு முள் இறங்கவில்லை. சுவர் நிறைய அவள் படம், இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஆனால் அந்தக் கடைசி ஒன்று பொய்யாக இருந்தால் மற்றப் பதினொன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும் என்றுதான் இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பல் டாக்டர் அந்த வெள்ளையைக் காட்டி, இங்கே ஏன் கால் இல்லை என்று கேட்டார். அதையே காலையிலிருந்து முப்பது பேர் கேட்டிருந்தார்கள். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி லிப்ட்காரருக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. இவ்வளவு பெரிய மனுஷர் கேட்கிறாரே என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஷூ போட்டிருந்தாங்க சார்” என்றார்.

விதைக்காரம்மா எழுந்து நின்றாள்.

“பிரவுன் ஷூ. நல்ல கம்பெனி ஷூ சார். லேஸ் வச்சது. புதுசு. பாலிஷ்லாம் போட்டு… அதாவது லெதர் சார், ஒரிஜினல் லெதர்” என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். குரல் ஒரு படி ஏறி, விற்பனைக்காரன் குரல் மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. காது இரண்டும் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. கை சட்டைப் பொத்தானைத் திருகியது. பேசும்போது படத்தைப் பார்க்கவில்லை, கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் தலைக்குமேல் மனைவியைப் பார்த்துவிட்டார்.

“இல்ல சார்” என்றார் மெதுவாக. “ஷூ நான் சொன்ன பொய். கால நான் பாக்கல.”

டாக்டர் சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். விதைக்காரம்மா சிரிக்கவில்லை, அவள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் பொய் சொல்லி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இவ்வளவு கேவலமாகவா ஒரு மனுஷன் பொய் சொல்வான்? வியாழக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னபோது இந்தக் குரல் எங்கே இருந்தது? இந்தக் காது எங்கே இருந்தது? சடை குட்டை என்று சொன்னவர் நேரே இவள் கண்ணைப் பார்த்து, லிப்டில் எந்த ஒயர் அறுந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாரே.

முள் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், போதவில்லை, பக்கத்திலிருந்த நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். நூலகம் என்பதால் வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. என்ன அண்ணி, என்ன ஆயிற்று என்று நாத்தனார் அவள் முதுகைத் தட்டினாள்.

“நெஜம்டி” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அவர் நெஜமாவே கண்டிருக்கார்.”

“பின்ன?” என்றாள் நாத்தனார், நாற்பது மெஷினுக்குக் கேட்கிற குரலில். “எங்கண்ணனுக்கு முழிச்சிட்டிருக்கப்ப இவ்வளவு தோணாது அண்ணி.”

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூலகர் உதட்டில் விரல் வைத்தார். விதைக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டாவது படத்துக்கு முன்னால் நின்றாள். அதை வரைந்தவளாக அல்லாமல் இப்போதுதான் முதல் தடவை பார்த்தாள். திரும்பினாலும் முதுகு. எவ்வளவு நல்ல கனவு. பொறாமையாக இருந்தது. அருகில் நின்ற லிப்ட்காரர், கோபமா என்று கேட்டார். அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, மறைக்குது என்றாள்.